மாத்திரை போட்டாச்சா?

"கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. யார் முதலில் சொன்னதோ... (நிச்சயம் ஒரு கோபக்கார அப்பாவாகத்தான் இருக்கும்!) இந்த ஒரு வரியின் புண்ணியத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு நோய் வருஷக்கணக்கில் நோயாகவே தெரியாமல் போயிருக்கிறது. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தால் "அவருக்கு முன்கோபம் ஜாஸ்தி". ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பி உட்கார வைத்து, புதிதாக ஆரம்பிக்கப் போகிற பிசினஸ் பற்றி விடிய விடியப் பேசினால் "மனுஷன் உழைப்பாளி, தூங்கவே மாட்டார்". இரண்டு மாதம் கழித்து அதே மனுஷன் குளிக்காமல், சவரம் செய்யாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தால் "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க". மூன்றுக்கும் மூன்று காரணம். மூன்றும் ஒரே விஷயமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அதுவே அம்மாவாக இருந்தால் கதை வேறு. அம்மாவின் கோபத்தை யாரும் குணத்தில் சேர்ப்பதில்லை. "சாமி வந்திருக்கு" என்பார்கள், இல்லாவிட்டால் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் வாரங்கள் இந்த நோய் முதல் முறையாகவோ மறுபடியுமோ தலைகாட்டுவதற்கு மிகவும் ஆபத்தான காலம். டாக்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வீட்டில் அதற்குப் பெயர் காத்து கருப்பு.

சரி, விஷயத்துக்கு வருவோம். இருதுருவ மனநோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். வாயில் நுழைவது என்னவோ பைபோலார்தான். ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்லின் 1899-ல் மேனியாவையும் மனச்சோர்வையும் ஒரே நோயாகச் சேர்த்துக் காட்டினார். பைபோலார் என்ற பெயர் 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறிய பிறகு பரவலானது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அந்த வார்த்தையே 2012-ல் '3' படம் வந்தபோதுதான் அறிமுகம். படத்தைவிட கொலவெறி பாட்டு அதிகம் ஓடியது, அது வேறு விஷயம். அந்தப் படத்தில் வருகிற ஒரு சங்கதி மட்டும் ரொம்ப நிஜம். கதாநாயகன் தன் நோயை மனைவியிடமிருந்து மறைக்கிறான், நண்பன் அதற்கு உடந்தை. நம் வீடுகளில் நடப்பதும் அதேதான். என்ன, உடந்தைக்கு மொத்தக் குடும்பமும் சேர்ந்துகொள்ளும்.

மேனியா என்றால் ஒரே சந்தோஷம், ஆட்டம் பாட்டம் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. பாதிதான் சரி. ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கிற அளவுகடந்த உற்சாகம் எப்படி மேனியாவின் அடையாளமோ, அதே மாதிரி அளவுகடந்த எரிச்சலும் அடையாளம். தூக்கம் இரண்டு மூன்று மணி நேரமாகக் குறையும், ஆனால் களைப்பே இருக்காது. பேச்சு நிற்காது. பணம் தண்ணீராகப் போகும். யாராவது குறுக்கே பேசினால் சுனாமி! அந்த சுனாமியின் முதல் அலை எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் மேல்தான் அடிக்கும். அதாவது மனைவி, அப்புறம் பிள்ளைகள். மேனேஜரிடமும் மளிகைக்கடைக்காரரிடமும் சிரித்துப் பேசிவிட்டு வந்த அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் கத்த ஆரம்பிப்பார். வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. அதனால் பிள்ளைகள் சொன்னால் நம்பவும் மாட்டார்கள். "உங்கப்பாவா? தங்கமான மனுஷனாச்சே!"

இனி மாத்திரை. 1949-ல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர், லித்தியம் என்கிற சாதாரண உப்பு மேனியாவை அடக்குகிறது என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பத்து மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். அதில் முதல் ஆள் வருஷக்கணக்காக மனநல ஆஸ்பத்திரியில் கிடந்தவர், ஐம்பது வயது தாண்டியவர். லித்தியம் ஆரம்பித்து சில வாரங்களிலேயே ஆள் மாறி, சில மாதங்களில் வீட்டுக்குப் போய், பழைய வேலையிலும் சேர்ந்துவிட்டார். அப்புறம் என்ன ஆனது தெரியுமா? மாத்திரையில் அலட்சியமானார். பிறகு சுத்தமாக நிறுத்தினார். சில மாதங்களில் திரும்ப அதே ஆஸ்பத்திரி. உலகத்தில் முதன்முதலாக லித்தியத்தால் மேனியாவிலிருந்து மீண்டவராகப் பேசப்படுகிற மனிதரே மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்தான்!! அதனால், "எங்கப்பா மட்டும் ஏன் இப்படி" என்று தலையில் அடித்துக்கொள்கிற பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை, அந்த மருந்து பிறந்த நாளிலிருந்து கூடவே வருகிற பிரச்சினை.

ஏன் நிறுத்துகிறார்கள்? "திமிர்" என்பது உறவினர்கள் தருகிற பதில். உண்மையில் காரணங்கள் ரொம்ப சாதாரணமானவை. கை நடுங்கும். கையெழுத்துப் போடும்போது, விருந்தாளி முன்னால் காபி டம்ளரை எடுக்கும்போது நடுங்கினால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும், பஸ் பிரயாணத்தில் பத்து தடவை ஒதுங்க வேண்டியிருக்கும். உடம்பு போடும். இன்னும் சிலருக்கு அந்த உச்சகட்ட நாட்கள் திரும்ப வேண்டும் போல இருக்கும். உலகமே கைக்குள் இருந்த மாதிரி இருந்ததே, அதையும் சேர்த்து அல்லவா மாத்திரை எடுத்துக்கொண்டது! அமெரிக்காவின் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த நோயைப் பற்றிய பாடநூலையே 1990-ல் இன்னொரு டாக்டரோடு சேர்ந்து எழுதிய உளவியல் பேராசிரியை. அவருக்கும் இதே நோய்தான். லித்தியத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தி, அதற்கான விலையைக் கொடுத்த கதையை 1995-ல் சுயசரிதையாகவே எழுதினார். விஷயம் தெரிந்தவருக்கே அந்தக் கதி என்றால், ரேஷன் கார்டையும் லோன் தவணையையும் பார்த்துக்கொண்டிருக்கிற நம் வீட்டு அப்பாக்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்வது என்ன நியாயம்?

இதில் ஒரு கணக்குப் பிசகும் இருக்கிறது. மாத்திரையை இன்று நிறுத்தினால் நாளைக்கே ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் போகும், ஒரு மாதம்கூடப் போகும். கை நடுக்கம் நிற்கும், தாகம் குறையும், மனசு லேசாகும். "பார்த்தியா, நிறுத்தினப்புறம்தான் நல்லா இருக்கேன்" என்பார். லாபம் உடனே கைக்கு வருகிறது, நஷ்டம் மூன்று மாதம் கழித்து வட்டியோடு வருகிறது. இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டிவிட்டு "இத்தனை வருஷமா கட்டறேன், ஒரு ஆக்சிடென்ட்கூட ஆகலை, தண்டம்" என்று பாலிசியை நிறுத்துகிறவரின் லாஜிக் இது. அதுவும் படாரென்று நிறுத்தினால், டாக்டர் சொல்லி மெல்ல மெல்லக் குறைப்பதைவிட நோய் சீக்கிரம் திரும்புகிற ஆபத்து அதிகம்.

நடுவில் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ கட்டாயம் வருவார்கள். "எத்தனை நாளைக்கு இங்கிலீஷ் மருந்து? கிட்னி போயிடும்." முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். லித்தியம் ரத்தத்தில் ஒரு சின்ன இடைவெளிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் விஷம். அந்த முதல் நோயாளியும் கடைசியில் லித்தியம் விஷமாகித்தான் இறந்தார். அப்போது ரத்தத்தில் அளவு பார்க்கிற வழக்கம் வரவில்லை. இப்போது ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலையில் ரத்தம் எடுத்தால் அளவு தெரிந்துவிடும். கூடவே கிட்னி, தைராய்டு சோதனைகளும் உண்டு. கத்திரி வெயிலில் வியர்த்து ஊற்றி உடம்பில் தண்ணீர் வற்றினாலும், முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாக டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வாங்கிப் போட்டாலும் அளவு ஏறும். சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: கிட்னிக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவதற்குப் பதில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்போது பிள்ளைகள் பக்கம். இங்கேதான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

"மாத்திரை போட்டாச்சா?" இந்தக் கேள்வி முதலில் அக்கறையாகத்தான் ஆரம்பிக்கிறது. போகப் போக அது ஒரு ஆயுதமாகிவிடும். சாம்பாரில் உப்பு இல்லை என்று அப்பா சொன்னால்கூட, அம்மாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" உப்பு நிஜமாகவே இல்லாமல் இருந்திருக்கலாம்! பையன் பரீட்சையில் கோட்டை விட்டதற்கு எந்த அப்பா கோபப்பட மாட்டார்? இவர் கோபப்பட்டால் மட்டும் அது வியாதி. ஒரு மனுஷனின் ஒவ்வொரு நியாயமான கோபத்துக்கும் பதிலாக மாத்திரையைக் காட்டினால், மாத்திரை என்பதே அவருக்கு அவமானத்தின் பெயராகிவிடும். அப்புறம் அவர் அதைத் துப்பாமல் என்ன செய்வார்? லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் தொடங்கிய ஆராய்ச்சிகளும், பிறகு அமெரிக்காவில் டேவிட் மிக்லோவிட்ஸ் பைபோலார் குடும்பங்களில் செய்தவையும் சொல்வது ஏறக்குறைய இதையே. ஓயாமல் குற்றம் சொல்கிற வீடுகளில் நோய் திரும்புவது அதிகம். இதைப் படித்துவிட்டு "அப்போ எல்லாம் என்னாலதான்" என்று எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயை உண்டாக்கியது பிள்ளையின் வாய் இல்லை. வாயை எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்பது மட்டும்தான் பிள்ளையின் கையில் இருக்கிறது.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். மாத்திரையைப் பொடி செய்து காபியில், தோசை மாவில், ரசத்தில் கலந்து கொடுப்பது. நம் ஊரில் இது சகஜம். யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். கொடுக்கிற அம்மாவைக் குறை சொல்ல மனசு வராது, வேறு வழி தெரியாமல்தான் செய்கிறார். ஆனால் யோசித்துப் பாருங்கள். காபி பாதி குடித்தால் எவ்வளவு மருந்து போயிற்று? ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தால்? தனக்குள் ஒரு மருந்து போகிறது என்று தெரியாத மனிதர், அதே நாளில் இடுப்பு வலிக்கு வேறு மாத்திரையும் போடுவார். அதைவிடப் பெரிய நஷ்டம், ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ தங்கியிருப்பதை அவர் பார்த்துவிடுவது. "எனக்கு எதிராக எல்லோரும் சேர்ந்து சதி செய்கிறார்கள்" என்று மேனியாவில் அவர் கத்தியபோது வீடே அது பிரமை என்று சொன்னது. இப்போது நிஜமாகவே சதி!! அன்றைக்குப் போன நம்பிக்கை திரும்ப எத்தனை வருஷம் ஆகும்? அவருக்குத் தெரிந்து பாதி மாத்திரை உள்ளே போவது, தெரியாமல் முழு மாத்திரை போவதைவிட மேல். விழுங்குவதற்குக் கஷ்டமாக இருந்தால், பக்க விளைவு தாங்கவில்லை என்றால், டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற முடியும். வால்புரோயேட், லாமோட்ரிஜின், குவெட்டியாபின் என்று லித்தியம் தவிரவும் மருந்துகள் உண்டு. சிலவற்றை மாதம் ஒரு ஊசியாகக்கூடப் போட்டுக்கொள்ளலாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு தாள் வேண்டும். அப்பா அங்கே பத்து நிமிஷம் ரொம்ப மரியாதையாகப் பேசிவிட்டு வருவார், டாக்டருக்கு வீட்டுக் கதை தெரியாது. "ரொம்பக் கோபப்படறார் டாக்டர்" என்று சொன்னால் ஒன்றும் விளங்காது. திங்கட்கிழமை 5 மணி நேரம் தூக்கம், செவ்வாய் 3, புதன் 2. வியாழன் 40,000 ரூபாய் கடன் வாங்கி வாட்டர் ஃபில்டர் ஏஜென்சிக்குக் கட்டினார். இப்படித் தேதி போட்டு, பேரேடு மாதிரி, வர்ணனை இல்லாமல் எழுதினால் டாக்டருக்கு விஷயம் புரிந்துவிடும். தூக்கம் குறைவதுதான் அநேகமாக முதல் அறிகுறி. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது முதலில் தெரியும்.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது என்ன செய்வது? ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். அந்த நேரத்தில் நியாயம் பேசுவது, பழைய கணக்கை எடுப்பது, "உங்களுக்கு வியாதி" என்பது எல்லாம் எரிகிற நெருப்பில் மண்ணெண்ணெய். குரலைத் தாழ்த்தி, ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடலாம். அது கோழைத்தனம் இல்லை. கை ஓங்கினால், பொருளை உடைத்தால் "நோயாளிதானே, பொறுத்துக்கலாம்" என்கிற பேச்சே கூடாது. 112, 108 எல்லாம் அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான். அடி அடிதான், அடித்தவருக்கு நோய் இருப்பதால் வலி குறைவதில்லை.

பேச வேண்டியதெல்லாம் அவர் நன்றாக இருக்கும் நாட்களில் பேச வேண்டும். அப்படி நாட்கள் உண்டு, மாதக்கணக்கில்கூட உண்டு. பரிதாபம் என்னவென்றால் அந்த நாட்களில்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. "இப்பதான் நல்லா இருக்கார், எதுக்குக் கிளறணும்." கிளறத்தான் வேண்டும். தூக்கம் குறைந்தால் யார் அதை அவரிடம் சொல்வது, எந்த டாக்டருக்கு போன் செய்வது, ஏ.டி.எம். கார்டையும் வண்டிச் சாவியையும் யாரிடம் கொடுத்து வைப்பது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதி வைக்கலாம். சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது தாண்டிய எவரும், தனக்கு முடியாமல் போகும்போது எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். அப்பா நியமிக்கிற ஆள் அம்மாவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அவர் நம்புகிற ஒரு பழைய நண்பராகவும் இருக்கலாம். தன் கையெழுத்தில் இருக்கிற ஒன்றை மதிப்பது எந்த மனுஷனுக்கும் கொஞ்சம் சுலபம். இதே சட்டம்தான் சங்கிலியால் கட்டி வைப்பதைத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்த பிறகும் சட்டப் புத்தகத்தில் அந்த வரி வருவதற்குப் பதினாறு வருஷம் ஆனது.

இன்னும் ஒரு கசப்பான விஷயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வெறும் சமாதானம். மாத்திரை மேனியாவை அடக்கும், சுபாவத்தை மாற்றாது. ஒழுங்காக மாத்திரை போட்டு, தூக்கம் சரியாகி, ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்த பிறகும் அப்பா கோபக்காரராகவே இருக்கலாம்! அவருக்குள் நோய்க்கு முந்தைய ஒரு மனுஷன் இருக்கிறார், அந்த மனுஷன் சாதுவாக இருந்தார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பல பிள்ளைகள் மாத்திரைக்குப் பின்னால் ஒரு அன்பான, நிதானமான அப்பா ஒளிந்துகொண்டிருப்பதாக நம்பி வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் வெளியே வராதபோது வருகிற ஏமாற்றம், நோய் கொடுத்த வலியைவிடப் பெரியது. நோய்க்கு மாத்திரை கேட்கலாம். மீதி இருக்கும் கோபத்துக்கு, எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அப்பாவிடம் கேட்பது போல, மரியாதையைக் கேட்க வேண்டும். கிடைக்காமலும் போகலாம்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வெளியூர்க் காலேஜில் சீட் கிடைத்தால் ஒரு பிள்ளை போகலாமா? தாராளமாகப் போகலாம். "அம்மாவைத் தனியா விட்டுட்டு ஹாஸ்டல்ல ஜாலியா இருக்கான்" என்று பேசுகிற உறவினர், அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியிருக்க மாட்டார். பதினேழு வயதில் யாரும் இன்னொருவரின் மாத்திரைக்கு வாட்ச்மேன் ஆக முடியாது. அப்படி ஆக்கப்பட்ட பிள்ளைகள் செமஸ்டர் பரீட்சையில் உட்கார்ந்திருக்கும்போதும் காது மட்டும் வீட்டுக் கதவுச் சத்தத்திலேயே இருக்கும்.

"எனக்கும் வந்துவிடுமோ" என்ற பயம் வேறு. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருகிற நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு வரலாம் என்பது பாடநூல்கள் தருகிற கணக்கு. திருப்பிச் சொன்னால் 90 பேருக்கு மேல் வராது! அக்காவுக்கு வரன் பார்க்கும்போது மாத்திரை டப்பாவை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைக்கிறார்களே, அதனால் நடப்பது ஒன்றுதான். கல்யாண அலைச்சலில், ராத்தூக்கம் கெடுகிற அந்தப் பத்து நாளில், மாத்திரை போட வேண்டியவரே மறந்து போகிறார்.

2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். பைபோலார் இருப்பவர்களில் 70 சதவீதம் பேர் சிகிச்சையிலேயே இல்லை என்று அதில் வந்தது. ஆக, மாத்திரையை விட்டு விட்டுப் போடுகிற அப்பாகூட, ஒரு தடவையாவது டாக்டர் வாசல் மிதித்த மீதி 30-ல் ஒருவர். அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இலவச மாத்திரையும் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416, காசு கிடையாது, தமிழில் பேசலாம். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேன் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் கூப்பிடலாம்.